ஆமோஸ் 3: கேள்விச் சங்கிலிக்கு நடுவே 7-ஆம் வசனம் ஏன்?

எபிரேய தீர்க்கதரிசன நடை தெரிந்தவர்கள் உதவுங்கள். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஆமோஸின் நூலில், 3:3–6-இல் அடுத்தடுத்து ஏழு கேள்விகள். சேர்ந்து நடக்கும் இருவர், சிங்கம், கண்ணி என மறுக்கவே முடியாதவற்றுக்கு “இல்லை, இல்லை” என்று தலையாட்ட வைத்து, ஏழாவதில் ஊருக்கு நேர்ந்த தீங்கு கர்த்தர் செய்ததே என்பதில் கேட்பவரைச் சிக்கவைக்கிறார். கெட்டிக்கார வேலை!

5-ஆம் வசனம் வரை விளைவு முதலில், காரணம் பின்னால். ஊரில் எக்காளம் ஊதினால் ஜனங்கள் அஞ்சாதிருப்பார்களோ என்ற கேள்வியில் (6-ஆம் வசனத்தின் முதற்பாதி) இது தலைகீழ். “சிங்கம் கெர்ச்சிக்கிறது, யார் பயப்படாதிருப்பான்?” என்னும் 8-ஆம் வசனத்திலும் அப்படியே. அப்படியானால் எக்காளம் 8-க்கான முன்னேற்பாடா?

இடையில் கேள்வியே இல்லாத 7-ஆம் வசனம் (கர்த்தர் தம் இரகசியத்தைத் தீர்க்கதரிசிகளுக்கு வெளிப்படுத்தாமல் எதையும் செய்யார் என்பது) பிற்சேர்க்கை என்போர் உண்டு. நடை மாற்றம் தவிர வேறு சான்று இருக்கிறதா? வசன எண்ணோடு சொல்லுங்கள். இதே போன்ற கேள்விகள் வரும் யோபு 6:5–6, 8:11 ஏற்கெனவே ஒப்பிட்டாயிற்று.