ஷாவொலின் கல்வெட்டு: படம் இருந்தால் கொடுத்து உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். எங்கள் குங்ஃபூ வகுப்புப் பிள்ளைகளுக்காக சீனாவிலுள்ள ஷாவொலின் புத்த மடத்தின் வரலாற்றை எளிய தமிழில் எழுதி வருகிறேன். அங்கே சண்டைக் கலையைக் கற்றுக்கொடுத்தது போதிதர்மர்தான் என்கிறோம். ஆனால் அந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 'யிஜின் ஜிங்' 17-ஆம் நூற்றாண்டு நூல். அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தியது. அந்த மடத்துத் துறவிகள் போரிட்டார்கள் என்பதற்கு எனக்கு வலுவான சான்றாகப் படுவது மடத்திலேயே இருக்கும் 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டுதான். 621-ல் வாங் ஷிசோங் என்ற போட்டி ஆட்சியாளருக்கு எதிராக, பின்னாளில் தாங் வம்சப் பேரரசரான லீ ஷிமினுக்குத் துணைநின்ற 13 துறவிகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்களில் தான்சோங் என்பவருக்குத் தளபதிப் பட்டமே கிடைத்தது!

அங்கே போய்வந்தவர்கள் யாராவது அந்தக் கல்வெட்டைத் தெளிவாகப் படமெடுத்திருக்கிறீர்களா? அப்புறம், சீனம் தெரிந்தவர்கள் அந்தப் பெயர்களின் சரியான உச்சரிப்பைத் தமிழில் எழுதித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.