மறு: ‘கொம்மேதியா தெல்லார்த்தே’வுக்குத் தமிழ்ச்சொல்

> ‘கலை நகைநாடகம்’ எனலாம். அதை மாற்றிக் கோல்தோனி கொண்டுவந்தது ‘யதார்த்த நகைநாடகம்’.

அன்புள்ள ஐயா,

‘கொம்மேதியா தெல்லார்த்தே’ என்ற பழைய இத்தாலிய நாடக வகைக்கும், அதை மாற்றிய நாடகாசிரியர் கோல்தோனியின் வகைக்கும் நீங்கள் சொன்ன பெயர்கள் இரண்டிலுமே எனக்குத் தயக்கம். இங்கே ‘ஆர்த்தே’ என்பது தொழில், பிழைப்பு. காசுக்கு ஆடிய குழுக்களின் நாடகம் அது. நம் விவாதக் குழுவில் இன்னொருவர் சொன்ன ‘முகமூடி நாடகம்’ பாதிதான் பொருந்தும்: கிழட்டு வணிகர் பந்தலோனேயும் வேலைக்காரன் அர்லெக்கினோவும் முகமூடி போட்டார்கள், காதலர்களாக வருபவர்கள் போடவில்லை.

என் பரிந்துரை ‘மனோதர்ம நகைநாடகம்’. கதைக்குறிப்பு மட்டும் கையில் இருக்கும், வசனம் நடிகர் பாடு. ராகத்தின் எல்லைக்குள் வித்வான் பாடிப்போவது மாதிரி. வடசொல் என்று சண்டைக்கு வருவோர் வரட்டும்; ‘முன்னெழுதா உடனடி’ என்று நீளும் சொல்லோடு மட்டும் வரவேண்டாம்.

‘யதார்த்தம்’ பற்றி. கோல்தோனி (1707–1793) வெனிஸ்காரர், வக்கீல். முகமூடியை ஒரே நாளில் கழற்றி எறிந்தவர் இல்லை. 1738இல் ‘மோமோலோ கோர்தெசான்’ நாடகத்தில் நாயகன் பேச்சை மட்டும் எழுதினார், மற்றவர்கள் வழக்கம்போலச் சொந்தமாகப் பேசினார்கள். ஒரு நாடகத்தின் பேச்சு முழுவதையும் எழுதியது 1743இல்தான். அதற்குப் பிறகும், சாக்கி என்ற நடிகருக்காகச் செய்த ‘இரு எஜமானர்களின் வேலைக்காரன்’ முதலில் குறிப்பாகவே இருந்தது. வசனம் பின்னால் வந்தது. ஆக, முதலில் மாறியது பேச்சு யாருடையது என்பதே. எழுதப்பட்ட பேச்சில்தான் ஆளுக்கொரு குணம் தங்கியது. 1753இன் ‘லா லோகந்தியேரா’வில் விடுதி நடத்தும் மிரந்தோலினா பழைய வேலைக்காரி வேடத்தின் வழியில் வந்தவள்தான், ஆனால் கணக்கும் கர்வமும் அவளுடையவை. 1762இல் வெனிஸ் அருகே உள்ள கியோஜா ஊர் மீனவர் சண்டையை நாடகமாக எழுதினார்; அதில் ஒரு படகுக்காரர் பேசும் வேகத்தில் விசாரிக்கும் அதிகாரிக்கு ஒன்றுமே புரியாது. இளமையில் அதே ஊர் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர் கோல்தோனி!

அதனால் ‘குணச்சித்திர நகைநாடகம்’ என்பேன். சினிமாவால் அந்தச் சொல்லில் துணை நடிகர் வாசம் ஏறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ‘யதார்த்தம்’ என்றால் நூறு வருடம் கழித்து வந்த நார்வே நாடகாசிரியர் இப்சன் வகையோடு குழம்பும். அது இதைவிடப் பெரிய தொல்லை.

கதைக்கு நடுவே செருகும் சிரிப்பு வித்தையான ‘லாத்சி’க்கு நீங்கள் தந்த ‘சேட்டை’ அருமை. மாற்றமே வேண்டாம், பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.