மறு: கேங் ஆங்கிள் – 'சாய்கோணம்' வேண்டாமே

வணக்கம். சட்டிப் பலுகில் (டிஸ்க் ஹாரோ: குழிந்த இரும்புத் தட்டுகளான 'சட்டி'களை வரிசையாகக் கோத்து மண்ணை வெட்டிப் புரட்டும் கருவி) சட்டி வரிசை திரும்பி நிற்கும் கோணத்துக்குக் கேங் ஆங்கிள் என்று பெயர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த யோசனைகளுக்கு இது என் பதில்.

> கேங் ஆங்கிளுக்குச் 'சாய்கோணம்' போதும். எளிய சொல், பார்த்ததும் புரியும்.

பார்த்ததும் புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சிறிய சட்டிப் பலுகுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் வரைவில் இந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தேன். 'சட்டிகள் மண்ணில் இறங்காவிட்டால் சாய்கோணத்தைக் கூட்டவும்' என்று ஒரு வரி. ஒரு நண்பர் அதைப் படித்துவிட்டு, சட்டி வரிசைகளின் பக்கமே போகாமல், இழுவைக் கொக்கியை ஒரு துளை இறக்கிச் சட்டத்தையே முன்பக்கமாகச் சாய்த்துவிட்டார். முன் வரிசை ஆழமாக இறங்கியது, பின் வரிசை பாதி அந்தரத்தில் உருண்டது. முன் வரிசை வெளிப்பக்கம் தள்ளுகிற மண்ணைப் பின் வரிசைதான் உள்ளே தள்ளி மூட வேண்டும். அது நடக்காததால் ஓட்டிய இடமெல்லாம் நடுவே பள்ளம். 'நீ எழுதியபடிதானே செய்தேன்' என்றார். என்ன சொல்வது?

நிமிர்ந்து நிற்பது சரிந்தால்தான் தமிழில் சாய்வு. சுவர் சாயும், மரம் சாயும். பலுகுக்கு வேறான சட்டிக் கலப்பையில் (டிஸ்க் பிளவ்) அப்படி ஒரு சாய்வு உண்மையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சட்டியும் செங்குத்திலிருந்து 15 முதல் 25 பாகை வரை பின்னால் சரிந்து நிற்கும். 'சாய்கோணம்' அந்த டில்ட் ஆங்கிளுக்கு உரிய சொல். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது?

பலுகில் சட்டிகள் நிமிர்ந்துதான் நிற்கின்றன. ஒரே அச்சில் கோத்த சட்டிகள் எல்லாம் சேர்ந்து திரும்புகின்றன. மேலிருந்து பார்த்தால், அச்சு போகும் திசைக்கு நேர்க்குறுக்காக இல்லாமல் சற்று விலகி நிற்கும். அந்த விலகல்தான் நாம் பெயர் தேடும் கோணம். அது சுழியமாக இருந்தால் சட்டிகள் சக்கரம் மாதிரி உருண்டு, மண்ணில் கோடு போட்டுவிட்டுப் போகும். 15, 20 பாகை என்று கூட்டக் கூட்ட குழிந்த முகம் மண்ணை எதிர்கொள்ளும், வெட்டிப் புரட்டும். இழுவையும் அதற்கேற்ப ஏறும்.

> அப்படியானால் 'குழுக் கோணம்'?

ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்துக்குள் தள்ளியது போல இருக்கிறது. கேங் என்ற உறுப்பைப் பாருங்கள். நீளமான ஓர் ஆணியில் ஒரு சட்டி, அடுத்து ஓர் இடையுருளை, மறுபடி சட்டி என்று வரிசையாகக் கோத்து, முனையில் நட்டை இறுக்குகிறோம். மணி கோப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. 'சட்டிக் கோவை' என்று வைக்கலாம். கோவை என்றால் ஊர்தானே நினைவுக்கு வரும் என்று யாராவது கேட்பீர்கள். சட்டியைச் சேர்த்துச் சொன்னால் அந்தக் குழப்பம் வராது. 'கோவை தளர்ந்தால் சட்டிகள் ஆடும், உருளை தேயும், முதலில் நட்டை இறுக்கு' என்று எழுதினால் எது தளர்ந்தது என்பதைப் படிப்பவர் தானே ஊகித்துக்கொள்வார். 'குழு தளர்ந்தது' என்றால் என்ன நினைப்பார்?

கோணத்துக்கு என் பரிந்துரை 'ஒருக்களிப்பு'. சிரிக்காதீர்கள். 'கதவை ஒருக்களித்து வை' என்கிறோமே, அந்தச் சொல்தான். கதவு சாயவில்லை, நிமிர்ந்தபடியே கீலைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. கோவை செய்வதும் அதேதான். முழுக்கத் திறப்பதும் இல்லை, முழுக்க மூடுவதும் இல்லை என்கிற அளவும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஒருக்களித்துப் படுப்பது வேறு அச்சில் திரும்புவதாயிற்றே என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். படுக்கையைவிடக் கதவைத்தான் இயந்திரக்காரர் நினைப்பார் என்று நம்புகிறேன். அதைவிட எனக்கு உறுத்துவது நீளம். 'ஒருக்களிப்புக் கோணம்' என்று ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியதில்லை. 'ஒருக்களிப்பு 18 பாகை' என்றால் போதும்.

'வெட்டுக்கோணம்' என்பதும் வந்திருந்தது. சட்டி விளிம்பைத் தீட்டும் கோணத்தோடு குழம்பும், விட்டுவிடலாம்.

எந்தச் சொல்லையும் பழுது பார்க்கும் வரியில் போட்டுத்தான் நான் சோதிக்கிறேன். 'காய்ந்த மண்ணில் இறங்கவில்லையா? ஒருக்களிப்பைக் கூட்டு. அதற்கும் அசையாவிட்டால் மேலே பாரம் ஏற்று.' பலுகு தன் எடையால்தான் இறங்கும், கலப்பைக் கொழு போல மண் அதைக் கீழே இழுக்காது. ஆகவே இந்த இரண்டாவது வரியும் வேண்டும். 'வைக்கோலை வெட்டாமல் முன்னால் தள்ளிக்கொண்டு போகிறதா? ஒருக்களிப்பைக் குறை.' 'நடுவில் வரப்பு மாதிரி மேடு நிற்கிறதா? பின் கோவைகளின் ஒருக்களிப்பைக் குறை.' நாக்கில் தடங்காமல் வருகிறது. இதே வரிகளில் 'குழுக் கோண'த்தை வைத்துப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஸ்கிரேப்பருக்குச் 'சுரண்டி' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஈர மண்ணில் அது சட்டியைச் சுரண்டக் கூடாது. சட்டியில் உரசாமல் சற்றே இடைவெளி விட்டு நின்று, அப்பிய மண்ணை வழித்து விட வேண்டும். 'வழிப்பான்' என்றால் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதே பெயரில் வந்துவிடுகிறது. 'சுரண்டி' என்று படித்தவர் அதைச் சட்டியோடு ஒட்டி முடுக்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அப்புறம் அந்த நண்பரிடமே திருத்திய வரியைக் கொடுத்தேன். 'முன் கோவைகளை இன்னும் ஒரு துளை ஒருக்களிக்கவும்.' இந்த முறை கொக்கியைத் தொடவில்லை, ஸ்பேனரோடு நேரே கோவைக்குப் போனார். இடப்பக்கம் மாற்றிவிட்டு நிமிர்ந்து, 'வலப்பக்கமும் இதே அளவுதானா?' என்று கேட்டார். ஆமாம், அளவு மாறினால் பலுகு ஒரு பக்கமாக இழுக்கும். அதைக் கையேட்டில் எழுத மறந்திருந்தேன். இப்போது சேர்த்துவிட்டேன்.