மண்டபத்துக்கு ஒதுக்கிய காசைப் பற்றி யாரைக் கேட்பது?

கோயிலடித் தாமான்:
வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சின்ன டவுன் எங்களுடையது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பாதிப் பேர் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வந்தவர்கள். பொது மண்டபத்தைப் புதுப்பிக்கக் கூரையைப் பிரித்தார்கள். தீபாவளிக்கு முன்பே வேலை நின்றுவிட்டது. கவுன்சிலரைக் கேட்டால் கான்ட்ராக்டரைக் கைகாட்டுகிறார். எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று நம்மைப் போன்றவர்கள் கேட்க முடியுமா?

பழைய தண்டல்:
அடுத்த எலெக்சன்ல அந்தக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடாதீங்க. அவ்வளவுதான்.

வெட்டுக்காரர் மகள்:
அண்ணே, கவுன்சிலருக்கு நாம் ஓட்டே போடுவதில்லை. உள்ளாட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தினார்கள், 1976 உள்ளாட்சிச் சட்டம் அதை முடித்தே வைத்தது. இப்போது நியமிப்பது மாநில அரசு.

அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டினார். நான் கோலாலம்பூரில் அரசு அமைப்புகள் பற்றிக் கொள்கை ஆய்வு செய்கிறேன். நாள் முழுக்கக் கணக்காய்வு அறிக்கைகளோடுதான் பிழைப்பு. அவற்றில் அடிபடுவது பெரும்பாலும் பெரிய திட்டங்கள். தாமான் மண்டபத்தை ஊர்க்காரர்கள் கேட்டால்தான் உண்டு, அதனால் நீங்கள் கேட்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஐயா, முதலில் வேலையிடத்துப் போர்டைப் படம் எடுங்கள். காசு மத்திய அரசுடையதா, மாநிலத்துடையதா, உள்ளாட்சி மன்றத்துடையதா என்று தெரியாமல் எழுதினால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும்.

மாநிலமோ மன்றமோ என்றால் சிலாங்கூரின் 2011 தகவல் சுதந்திரச் சட்டம் உங்களுக்கு உதவும். தகவல் கேட்க அதற்கென்றே ஃபாரம் இருக்கிறது. "ஏன் தாமதம்?" என்று எழுதாதீர்கள், வருத்தம் தெரிவித்து ஒரு வரி வரும். ஒப்பந்தத் தொகை, இதுவரை கொடுத்த பணம், கால நீட்டிப்புக் கடிதத்தின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். நீட்டிப்பே கொடுக்கவில்லை என்றால் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மத்திய அரசுக் காசென்றால் இந்தச் சட்டம் செல்லாது. நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது: அதே 1976 உள்ளாட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, மன்றமே தீர்மானம் போட்டுத் தடுத்தாலொழிய, அதன் கூட்டத்தில் பொதுமக்கள் போய் உட்காரலாம். நாலு பேராகப் போங்கள்.

கோயிலடித் தாமான்:
போர்டு புல்லில் விழுந்து கிடந்தது, நிமிர்த்திப் பார்த்தோம். மாநில அரசு என்றுதான் போட்டிருக்கிறது. தமிழில் எழுதலாமா தங்கச்சி?

வெட்டுக்காரர் மகள்:
மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். வரைவை இங்கே போட்டால் இன்றிரவே திருத்தித் தருகிறேன். கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள்.