அறிவுக்குப் புரிகிறது, வயிற்றுக்குப் புரியவில்லை

வணக்கம். வயது 36, ஊர் திருச்சி. தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு வேலை. ஏழு மாதமாக ஒரே தொல்லை. மேலாளர் வாட்ஸப்பில் "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று போட்டாலே வயிற்றைப் பிசைகிறது, உள்ளங்கை வேர்க்கிறது. வேலை போச்சு, வீட்டுக் கடன் தவணை நின்னுபோச்சு என்று, மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். உள்ளே போனால் ஜிஎஸ்டி பில்லில் ஒரு எண் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான்.

தைராய்டு, இசிஜி பார்த்தாச்சு, இரண்டும் நார்மல். மதியத்துக்கு மேல் காபி கிடையாது. தூக்கம் தேவலை, பயம் அப்படியே. அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் பேசினேன், பொறுமையாகக் கேட்டார்கள். அப்புறம் உளவியலாளரை மூன்று முறை பார்த்தேன். அவர் சொன்னபடி ஆறு வாரமாக நோட்டில் கோடு போட்டு எழுதுகிறேன்: நடந்தது, வந்த எண்ணம், அதற்குச் சான்று, எதிர்ச்சான்று, மாற்று எண்ணம். கணக்குக்காரன் புத்தி, எண்ணியும் வைத்திருக்கிறேன்: 23 முறை கூப்பிட்டதில் ஒரு முறைகூட வேலை போகவில்லை.

ஆனால் 24-வது முறையும் அதே வயிறு. இப்போது நோட்டை ஒரு தடவை புரட்டாமல் அந்த அறைக்குள் போகவே முடியவில்லை. அதுவே தாயத்து மாதிரி ஆகிவிட்டது. அடுத்த சந்திப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ("நல்லதையே நினை" என்று அத்தை தினமும் சொல்கிறார், அது வேண்டாம்.)

இப்படி எழுதிப் பழகியவர்களே, எழுதிய மாற்று எண்ணத்தை மனசு நம்புவதற்கு நீங்கள் கூடவே என்ன செய்தீர்கள்?