28 நாள் எந்த ஊரில் மாதம்?

கோட்டைவாசல்:
நேற்று இங்கே செல்போன் ரீசார்ஜ் பிளான் மாற்றுவது பற்றிய பேச்சில் புளியரைத் தம்பி எழுதியிருந்தார்: "349 பிளானில் இருந்து 299-க்கு இறங்கிவிட்டேன். மாதம் 50 மிச்சம், வருடத்துக்கு 600 மிச்சம்." கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. ஐயா, இரண்டுமே 28 நாள் பிளான். வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை ரீசார்ஜ். இந்தக் கணக்குத் தெரியாதவர்தான் ஊருக்கு யோசனை சொல்ல வந்திருக்கிறார்.

புளியரைப் பொடியன்:
அண்ணாச்சி, காலையிலேயே என் தலையை உருட்டத் தொடங்கியாச்சா? சரி, 13 என்றே வையுங்கள். 13 தடவையும் 50 மிச்சம். 650 ஆகிறது. நான் சொன்னதைவிட 50 கூடுதல். ரொம்ப நன்றி.

கோட்டைவாசல்:
600-ஆ 650-ஆ என்பதா இங்கே பேச்சு? நீங்கள் 12 என்று கணக்குப் போட்டீர்கள். அது தப்பா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

ஆரியங்காவு அக்கா:
349-இல் தினம் 2 ஜிபி, 299-இல் ஒன்றரை ஜிபி. அதோடு அளவில்லாத 5ஜியும் போய்விடும். 2024 ஜூலையில் விலை ஏற்றியபோதே அதை தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளானுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஐம்பது ரூபாய் சும்மா குறையவில்லை.

புளியரைப் பொடியன்:
5ஜியா? அக்கா, அப்பா விடியக் கருக்கலில் ரப்பர் வெட்டப் போகிற தோட்டத்தில் ஒரே ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் ஒரு கோடு தெரியும். எஸ் வளைவில் பஸ் திரும்பும்போது என் போன் பாதி வீடியோவில் சுற்ற ஆரம்பித்தால் அந்தப் பக்கம் இறங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இல்லாத 5ஜிக்கு நான் எதற்கு அழ வேண்டும்?

கோட்டைவாசல்:
5ஜி அப்புறம். 28 × 13 = 364. அப்போதும் ஒரு நாள் நிற்கிறது. 30 நாள் பிளான் ஒன்று, மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்று, இரண்டையும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்தே ஆக வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டாச்சு. தேதிப் பிளானை எடுத்திருந்தால் 12 என்று எழுதலாம். தம்பி எடுத்தது 28.

பார்டர் பரோட்டா:
அண்ணாச்சிக்கு 13 மேல் அப்படி என்ன பாசம்? ரயிலில் பதிமூணு கண் பாலத்தைத் தாண்டித் தாண்டி மண்டையில் ஏறிவிட்டது போல.

கோட்டைவாசல்:
ஆமாம், ஜன்னலில் தலையை நீட்டி எண்ணியே பார்த்திருக்கிறேன். கழுதுருட்டிப் பாலத்துக்குக் கண் பதிமூன்று. 12 என்று சொல்கிறவர் கண்ணாஸ்பத்திரிக்குப் போகட்டும்.

புனலூர் வண்டி:
பாலம் இருப்பது எங்கள் கொல்லம் ஜில்லாவில். எண்ணுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

கோட்டைவாசல்:
1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே உங்கள் பக்கம்தான் இருந்தது. 1904-இல் அந்தப் பாதையில் ரயில் வந்தபோது எங்கள் பாட்டையா திருவிதாங்கூர்ப் பிரஜை. உரிமை பற்றி எனக்குப் பாடம் வேண்டாம்.

ஆரியங்காவு அக்கா:
பாலத்தை விடுங்கள். அம்மா வைத்திருப்பது பட்டன் போன். நெட் தேவையே இல்லை. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் தரணும், 365 நாள் வரைக்கும் வைக்கலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்னது. கடையில் போய்க் கேட்டால் அந்தப் பையன் தலையைக்கூடத் தூக்காமல் "அதெல்லாம் வராது அக்கா" என்று டேட்டா பிளானையே தட்டுகிறான். இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

கோட்டைவாசல்:
365 நாள் என்றால் ஒரே தடவை ரீசார்ஜ். நான் பேசுவது 13 தடவை பற்றி.

பார்டர் பரோட்டா:
பேசாமல் 1900-க்கு மெசேஜ் தட்டிவிட்டு, நம்பரை மாற்றாமலே வேறு கம்பெனிக்குப் போர்ட் பண்ணுங்கப்பா. 12-ம் இல்லை, 13-ம் இல்லை.

புளியரைப் பொடியன்:
அதை அண்ணாச்சியிடம் சொல்லுங்கள். போன வருடம் "மானமுள்ளவன் போர்ட் பண்ணுவான்" என்று இங்கேதான் முழங்கினார். அடுத்த போர்ட்டுக்கு 90 நாள் பொறுக்க வேண்டுமே, அது முடிந்த மறுநாளே பழைய கம்பெனிக்குத் திரும்பி வந்தது யார்?

கோட்டைவாசல்:
வீட்டில் சிக்னல் இல்லை என்று மனைவி சத்தம் போட்டாள், வந்தேன். குடும்ப விஷயத்தை இங்கே இழுப்பது என்ன நாகரிகம்? அதற்கும் 13-க்கும் என்ன சம்பந்தம்?

புளியரைப் பொடியன்:
90 நாளை மட்டும் சரியாக எண்ணியிருக்கிறீர்களே, அதற்காகச் சொன்னேன்.

ஆரியங்காவு அக்கா:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

புளியரைப் பொடியன்:
கடையில்தான் நிற்கிறேன். இப்போதுதான் 299 போட்டேன். 50 மிச்சம். டீ குடிக்கப் போகிறேன்.

கோட்டைவாசல்:
இது எத்தனையாவது தடவை? அதையும் எழுதிவிட்டுப் போங்கள்.

கோட்டைவாசல்:
ஒரு மணி நேரம் ஆச்சு. பதில் இல்லை என்றால் 13 என்று ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

புனலூர் வண்டி:
பாலம் கேரளத்தில்தான் இருக்கிறது.