லா பாஸ் ஆட்டத்துக்கு அணிகள் ஏன் கடைசி நேரத்தில் போய் இறங்குகின்றன?

வியாசை விங்கர் கேட்கிறார்:

2025 செப்டம்பரில், பொலிவியாவின் லா பாஸ் நகரை ஒட்டி அதைவிட உயரத்தில் இருக்கும் எல் ஆல்டோவில், பொலிவியா 1-0 என்று பிரேசிலை வீழ்த்திய ஆட்டத்தை விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். முதல் பாதி முடியும் நேரத்தில் மிகேல் டெர்செரோஸ் அடித்த பெனால்டிதான் ஒரே கோல். அதைத் திருப்பிக் கொடுக்க இரண்டாம் பாதி முழுவதும் இருந்தும் பிரேசிலால் முடியவில்லை. எங்கள் வியாசர்பாடியில் பாதித் தெரு பிரேசிலுக்கு, பாதித் தெரு அர்ஜென்டினாவுக்கு. அன்று மைதானத்தில் காலைப் பயிற்சியே நடக்கவில்லை, வாக்குவாதம்தான் நடந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். 4,000 மீட்டருக்கு மேல் ஆடப்போகிறோம் என்று பல மாதங்களுக்கு முன்பே அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அப்படியிருந்தும் பெரும்பாலான அணிகள் கீழே சாந்தா குரூஸ் நகரில் தங்கிவிட்டு, ஆட்டத்தன்று மேலே பறந்து, ஆடி முடித்த இரவே இறங்கிவிடுகின்றன. மூன்று நாள் முன்னதாகப் போய்ப் பழகினால் நல்லதுதானே? பணமில்லாத அணிகளா இவை?

இன்னொன்று. கொலம்பியாவுக்கு 2,640 மீட்டரில் பொகோட்டா இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கடலோரப் பாரங்கீயாவில் ஏன் ஆடுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நாயக் எழுதுகிறார்:

தம்பி, நான் ராணுவத்தில் இருந்தவன். லடாக்கில் லே நகரில் பணியாற்றியிருக்கிறேன், அங்கே கால்பந்தும் ஆடியிருக்கிறேன். லே சுமார் 3,500 மீட்டர். லா பாஸின் எர்னாண்டோ சீலெஸ் மைதானம் சுமார் 3,640 மீட்டர். ஏறத்தாழ ஒரே உயரம் என்பதால் அந்த வீரர்களின் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை என் உடம்பை வைத்தே சொல்ல முடியும்.

மூன்று நாள் முன்னதாகப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. காரணம் சொல்கிறேன்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் லா பாஸிலும் ஒன்றுதான், 21 சதவீதம். குறைவது காற்றழுத்தம். லா பாஸில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. இறங்கியவுடன் உடம்பு வேகமாக மூச்சுவிட்டும் இதயத்தை விரட்டியும் சமாளிக்கப் பார்க்கும். முதல் சில மணி நேரம் ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தலைவலி, குமட்டல், பசியின்மை எல்லாம் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். முதல் இரண்டு இரவுகள் தூக்கம் பிடிக்காது. கண் அயர்ந்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கும். இதற்கிடையில் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைந்துகொண்டே வரும். ஆக, இரண்டாவது, மூன்றாவது நாளில் ஆட வைத்தால் தூக்கமில்லாத, சாப்பிடாத, தலைவலியோடு இருக்கும் பதினொரு பேரைக் களத்தில் இறக்குகிறோம் என்று அர்த்தம். உடம்பு உண்மையாகப் பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரங்களாவது வேண்டும். சிவப்பணுக்கள் கணிசமாகக் கூடுவதற்கு அதையும் தாண்டிப் பல வாரங்கள் பிடிக்கும்.

இந்திய ராணுவத்தில் இதற்குக் கறாரான முறை உண்டு. 2,700 முதல் 3,600 மீட்டர் வரை ஆறு நாள். அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, பிறகு மெதுநடை, அதன் பிறகுதான் சிறு ஏற்றங்கள். அடுத்த கட்ட உயரத்துக்கு இன்னொரு நான்கு நாள், 4,500 மீட்டருக்கு மேல் போவதானால் மறுபடி நான்கு நாள். இவ்வளவும் ஆளை உயிரோடும் வேலை செய்யும் நிலையிலும் வைத்திருப்பதற்கு. தொண்ணூறு நிமிடம் ஓடுவதற்கு அல்ல.

எங்களோடு வந்த ஒரு பையன், நல்ல ஓட்டக்காரன், இறங்கிய மாலையே பந்து உதைக்கும் இடத்துக்கு வந்துவிட்டான். அன்று நன்றாகத்தான் ஆடினான். மறுநாள் காலை பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவன் நிமிரும்போது கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். முதல் நாள் ஆடியவனும் அவன்தான், இரண்டாம் நாள் விழுந்தவனும் அவன்தான். சாந்தா குரூஸில் தங்கும் அணிகளின் கணக்கு இதுதான். அந்த ஊர் 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, மேலே போக விமானத்தில் ஒரு மணி நேரம். உபாதை கிளம்புவதற்கு முன் ஆடி முடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மூச்சு வாங்கும், கால் கனக்கும். ஆனால் தலை தெளிவாக இருக்கும், முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருப்பார்கள்.

இரண்டு வாரம் முன்பே போகலாமே என்பாய். அதற்குத்தான் வழியில்லை. சர்வதேச ஆட்டங்களுக்கு கிளப்புகள் வீரர்களை விடும் இடைவெளி சுமார் ஒன்பது நாள். அதற்குள் இரண்டு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டங்கள். மாட்ரிட்டிலும் லண்டனிலும் ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்து, வியாழக்கிழமை ஓர் ஆட்டம், அடுத்த செவ்வாய் இன்னோர் ஆட்டம். 2023 செப்டம்பரில் அர்ஜென்டினா 7ஆம் தேதி புவெனஸ் ஐரஸில் ஈக்வடாரோடு ஆடியது, 12ஆம் தேதி லா பாஸில் இருந்தது. இதில் பழகுவதற்கு நாள் எங்கே? மலையைக் குறை சொல்கிறவர்கள் இந்த நாள்காட்டியை ஒரு முறை பார்க்க வேண்டும்.

கொலம்பியா விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கொலம்பிய வீரர்களும் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் ஆடுகிறவர்கள். பொகோட்டாவில் ஆடினால் அவர்களுக்கே மூச்சு வாங்கும். பாரங்கீயாவின் பிற்பகல் வெயிலும் கடலோரப் புழுக்கமும் எதிரணியைத்தான் அதிகம் வாட்டும் என்று அங்கே வைத்துக்கொள்கிறார்கள். 2024 செப்டம்பரில் அர்ஜென்டினாவை அங்கேதான் 2-1 என்று வென்றார்கள். ஈக்வடாரும் 2025இல் பிரேசில், அர்ஜென்டினா ஆட்டங்களை மலைமேல் இருக்கும் தலைநகர் குவிட்டோவில் வைக்காமல் கடல் மட்டத்தில் உள்ள குவாயாகிலில் வைத்தது. உயரம் யாருக்கு ஆயுதம் என்றால், அங்கேயே குடியிருந்து அங்கேயே ஆடும் வீரர்களை வைத்திருக்கிற அணிக்கு மட்டும்தான். பொலிவியாவுக்கு அப்படிப்பட்ட வீரர்கள் இருக்கிறார்கள்.

மாரக்கானா மணி எழுதுகிறார்:

ஐயா சொன்ன உடலியல் சரி. ஆனால் முடிவை ஏற்க மாட்டேன். வீரர்களுக்குக் கேடு என்று தெரிந்தே ஓர் ஆட்டத்தை நடத்துவது என்ன நியாயம்? 2007 பிப்ரவரியில் பிரேசிலின் பிளமெங்கோ கிளப் அணி, பொலிவியாவில் 4,000 மீட்டரை ஒட்டியிருக்கும் பொட்டோசியில் ஆடியபோது வீரர்கள் ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு ஆடினார்கள். அந்த ஆண்டு மே மாதம் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டமே கூடாது என்றது. பிறகு 3,000 என்று தளர்த்தியது, லா பாஸுக்கு விலக்கு கொடுத்தது, 2008இல் மொத்தத்தையும் நிறுத்திவைத்தது. அரசியல் அழுத்தம் வேறென்ன? அப்போதைய பொலிவிய அதிபர் ஏவோ மொராலெஸ் சஜாமா மலைமீது ஏறிப் பந்து உதைத்துக் காட்டினார், மரடோனாவே லா பாஸுக்குப் போய் ஆடி ஆதரவு கொடுத்தார்.

2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பொலிவியா எடுத்த 20 புள்ளிகளில் 17 சொந்த மைதானத்தில் எடுத்தவை. அதே அணி புவெனஸ் ஐரஸில் 6-0 என்று தோற்றது. இது கால்பந்துத் திறமையா, காற்றின் திறமையா?

கையுறை கயல் எழுதுகிறார்:

நான் கல்லூரி அணியில் கோல்கீப்பராக இருந்தேன், இப்போது பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மூச்சைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், பந்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மேலே காற்று அடர்த்தி குறைவு. அதனால் பந்தை இழுத்துப் பிடிக்கும் தடையும் குறைவு, சுழலும் பந்தை வளைக்கும் பக்கவாட்டு விசையும் குறைவு. தொலைவிலிருந்து அடித்த பந்து நாம் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும், வளைய வேண்டிய இடத்தில் நேராகவே வரும். கோல்கீப்பரின் கால் எடுத்துவைப்பது முழுவதும் பழக்கத்தில் நடப்பது. அந்தப் பழக்கம் கடல் மட்டத்துக் காற்றில் உருவானது. ஒரு நாள் பயிற்சியில் அதை மாற்ற முடியாது. குறுக்கே தூக்கிப் போடும் பந்துக்கு வெளியே வரலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாலே போதும், பந்து தலைக்கு மேல் போய்விடும்.

கடைசி நேரத்தில் இறங்கும் திட்டத்துக்கு நாயக் ஐயா சொன்ன நன்மைகள் எல்லாம் உண்டு. அதற்குக் கொடுக்கும் விலை இது. பந்தோடு பழக நேரமே இல்லை. நான் பயிற்சியாளராக இருந்தால் களத்தில் இறங்கியவுடன் மற்றவர்களை உட்கார வைத்துவிட்டு, கோல்கீப்பருக்கு மட்டும் தொலைதூர உதைகளாக அடித்துக்கொண்டே இருக்கச் சொல்வேன்.

ஓய்வுபெற்ற நாயக் எழுதுகிறார்:

கயல் அம்மா சொல்வது முற்றிலும் உண்மை. லேயில் முதல் முறை நான் அடித்த கார்னர் உதை எதிர்ப்பக்கக் கோட்டையும் தாண்டிப் போய் விழுந்தது. வழக்கமான பலத்தில்தான் அடித்தேன்.

மணி, உங்கள் கோபம் புரிகிறது. உயரத்தின் பலனை நானும் மறுக்கவில்லை. தென்னமெரிக்காவின் நூறாண்டுக்கால ஆட்டங்களை, ஆயிரத்து நானூறுக்கும் மேல், எடுத்துப் பார்த்து 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மெக்ஷாரி என்ற ஆய்வாளர் எழுதினார். உயர வேறுபாடு ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சொந்த மண் அணிக்கு ஏறத்தாழ அரை கோல் கூடுகிறது. ஒரே உயரத்து அணிகள் மோதினால் சொந்த மண் அணி வெல்லும் வாய்ப்பு 54 சதவீதம், பிரேசில் லா பாஸுக்குப் போனால் பொலிவியாவின் வாய்ப்பு 82 சதவீதம் என்பது அவர் கணக்கு. ஆனால் பொலிவியா கீழே இறங்கிப் போய் ஆடியபோதெல்லாம் பெரும்பாலும் தோற்றுத்தான் வந்திருக்கிறது. அதை ஏன் யாரும் கேடு என்பதில்லை? 1993இல் லா பாஸில் பிரேசில் 2-0 என்று தோற்றது, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவர்களுக்கு அதுதான் முதல் தோல்வி. அடுத்த மாதமே ரெசிஃபேயில் அதே பொலிவியாவை 6-0 என்று அடித்தார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு வெளிமண்ணில் ஒரு தகுதிச் சுற்று ஆட்டம் வெல்ல பொலிவியாவுக்கு 2024 வரை ஆனது, சாந்தியாகோவில் சிலியை 2-1 என்று வென்றார்கள்.

எல் ஆல்டோவும் லா பாஸும் சேர்ந்தால் லட்சக்கணக்கான குடும்பங்கள். பிறந்து, வேலை செய்து, மாலையில் பந்து ஆடுவதும் அங்கேதான். உங்கள் ஊரில் உங்கள் நாட்டு அணி ஆடக் கூடாது என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வராது. வீரர்களின் உடல்நலம்தான் கவலை என்றால் நாள்களைக் கொடுங்கள். மேலே ஆடப்போகும் அணியின் வீரர்களை கிளப்புகள் ஒரு வாரம் முன்னதாக விடட்டும். 2,500 மீட்டரை ஒட்டி கோச்சபாம்பா இருக்கிறது, அங்கே தங்கிப் படிப்படியாக ஏறட்டும். கிளப்புகள் விடாது, ஏனென்றால் அது அவர்களுக்கு நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு மலையில் இருப்பவர்கள் ஏன் ஊரை விட்டு இறங்க வேண்டும்?

வியாசை விங்கர் எழுதுகிறார்:

நன்றி ஐயா, நன்றி அக்கா. இடைவேளையில் ஆக்சிஜன் முகமூடி போட்டுக்கொள்கிறார்களே, 2017இல் நெய்மார்கூட அப்படி ஒரு படம் போட்டாரே, அது உதவுமா? ஒரே இடைவெளியில் இரண்டு ஆட்டம் என்றால் லா பாஸ் முதலில் வருவது நல்லதா, இரண்டாவதாக வருவதா?

ஓய்வுபெற்ற நாயக் எழுதுகிறார்:

முகமூடி போட்டிருக்கும் வரை சுகமாக இருக்கும், கழற்றிய சில நிமிடங்களில் பலன் போய்விடும். உடம்பு ஆக்சிஜனைச் சேர்த்து வைத்துக்கொள்ளாது. 2013இல் அர்ஜென்டினாவின் டி மரியாவுக்கு அங்கே ஆக்சிஜன் கொடுத்துத்தான் நிற்க வைத்தார்கள், ஆட்டம் 1-1. அவரைத் தேற்ற அது உதவியது, ஓட வைக்க உதவியிருக்காது.

வரிசை என் கையில் இருந்தால் லா பாஸை இரண்டாவதாக வைப்பேன். அணி கூடிச் சில நாள் ஆகியிருக்கும், ஐரோப்பாவிலிருந்து வந்த களைப்பு தீர்ந்திருக்கும், முதல் ஆட்டத்தில் அதிகம் ஓடாதவர்களை மேலே இறக்கலாம். 2023இல் அர்ஜென்டினா அப்படித்தான் மேலே போனது. மெஸ்ஸி கூடவே வந்தும் ஆடவில்லை. 2009இல் மரடோனாவின் அணி 6-1 என்று வாங்கிய அதே மைதானத்தில் இவர்கள் 3-0 என்று வென்றார்கள். முதல் பாதியின் இறுதியில் பொலிவியா ஒரு வீரரைச் சிவப்பு அட்டையில் இழந்ததும் உதவியது. ஆனால் அதற்கு முன்பே என்சோ பெர்னாண்டஸ் முதல் கோலை அடித்துவிட்டார். அந்த ஆட்டம் கிடைத்தால் கோல்களை விட்டுவிட்டுப் பந்து காலில் இல்லாத வீரர்களைப் பார். நம் பையன்களில் யாராவது எப்போதாவது லே பக்கம் ஆடப் போனால் எனக்குத் தனிச் செய்தி அனுப்பு, நாள்வாரியாக என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.